காப்புரிமைச் சட்டத்தில் அண்மைக்கால மாறுதல்கள்: களப்பணியாளரும் ஆசிரியரும் அறிய வேண்டியவை

ஒருவர் தம் முயற்சியால் புதிய கருவியொன்றை அமைத்துவிட்டால், அதனை நாலு பேருக்குக் காட்டி மகிழ்வது இயற்கை. களப்பணியாளர் அதனை உழவர் விழாவில் காட்சிக்கு வைப்பார். ஆசிரியராயின் பள்ளியின் அறிவியல் பொருட்காட்சியில் இடம் தருவார். செய்தித்தாளில் படமும் வெளிவரும். ஈராண்டு கழிந்தபின், அக்கருவிக்குக் காப்புரிமை பெறலாமே என்று எவரேனும் யோசனை கூறுவர். அப்பொழுது சட்டம் கேட்கும் முதற்கேள்வி, ‘இது முன்னரே வெளியுலகுக்குத் தெரிந்ததா?’ என்பதாகும். தெரிந்ததே என்பதற்குச் சான்றாக வந்து நிற்பது, அன்று பாராட்டி எழுதிய அதே செய்தித்தாள்தான்.

இதற்கு நேர்மாறான நிலையும் உண்டு. ஊரில் அனைவரும் அறிந்த ஒரு மருந்தையோ பயிர்க்காப்பு முறையையோ எவரும் எழுதி வைக்காமல் விட்டுவிடுகின்றனர். எங்கோ ஒருவர் அதனையே புதியதென்று கூறி உரிமை கோருகின்றார். அங்கே, எழுதி வைக்காமையே கேடாக முடிகின்றது.

ஆகவே, புதியதை உரிய காலத்திற்கு முன்னர் வெளியிடாதிருத்தலும், பழையதைக் காலந்தாழ்த்தாது பதிவு செய்தலும் மக்களோடு பழகிப் பணியாற்றுவோர் அறிந்திருக்க வேண்டிய இரு கடமைகளாம். இவ்விரண்டிற்கும் அடிப்படையான சட்டத்தையும், அதில் அண்மையில் நிகழ்ந்த மாறுதல்களையும் இக்கட்டுரை சுருக்கமாக விளக்குகின்றது.

காப்புரிமை என்பது யாது?

காப்புரிமை என்பது அரசாங்கத்திற்கும் புதுப்புனைவாளருக்கும் இடையே ஏற்படும் ஓர் உடன்படிக்கை போன்றது. புனைந்தவர் தம் முறையை மறைக்காமல், அத்துறையில் தேர்ந்த மற்றொருவர் படித்துச் செய்துபார்க்கத்தக்க அளவில் முழுமையாக எழுதித் தருகின்றார். அதற்கு ஈடாக, அவருடைய இசைவின்றிப் பிறர் அதனைச் செய்யவும் விற்கவும் கூடாது எனத் தடுக்கும் உரிமையை அரசாங்கம் அவருக்கு 20 ஆண்டுகளுக்கு அளிக்கின்றது. இக்காலம் விண்ணப்பம் அளித்த நாளிலிருந்து கணக்கிடப்படும். அது முடிந்ததும் அறிவு பொதுவுடைமையாகிவிடும். இந்தியாவில் பெற்ற உரிமை இந்தியாவில் மட்டுமே செல்லும் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

உரிமை பெறுவதற்கு மூன்று தகுதிகள் வேண்டும். முதலாவது, பொருளோ முறையோ புதியதாக இருத்தல். இரண்டாவது, அத்துறையில் பயிற்சியுடைய ஒருவருக்கு எளிதில் தோன்றிவிடாத முன்னேற்றம் அதில் அடங்கியிருத்தல். மூன்றாவது, தொழிலில் பயன்படக்கூடியதாக இருத்தல்.

கண்டுபிடிப்பு வேறு, புதுப்புனைவு வேறு என்பதை ஆசிரியர்கள் மாணவர்களுக்கு உணர்த்துதல் நலம். உலோகம் வெப்பத்தால் விரிவடைகின்றது என்பது இயற்கையின் உண்மை. அதற்கு எவரும் காப்புரிமை பெற இயலாது. அவ்விரிவைப் பயன்படுத்தி மின்னோட்டத்தைத் தானே நிறுத்தும் சாதனமொன்றைப் புதிதாக அமைத்தால், அது புதுப்புனைவு. சட்டத்தின் 3ஆம் பிரிவு, உரிமை அளிக்கத்தகாதவற்றை வரிசைப்படுத்துகின்றது. வேளாண்மை, தோட்டக்கலை முறைகளும், தாவரங்கள், விலங்குகள், விதைகள் ஆகியனவும், வழிவழி வந்த அறிவும் அவ்வரிசையில் அடங்கும். புதிய பயிர் வகைகளுக்கு 2001ஆம் ஆண்டின் தனிச்சட்டம் ஒன்று உண்டு. தம் விளைச்சலினின்று விதை சேமித்து மீண்டும் விதைக்கும் உழவரின் உரிமையை அது பாதுகாக்கின்றது.

சட்டம் வளர்ந்த வழி

இந்நாட்டில் இத்துறையின் முதற்சட்டம் 1856இல் இயற்றப்பட்டது. 1911ஆம் ஆண்டுச் சட்டம் நீண்டகாலம் நடைமுறையில் இருந்தது. விடுதலைக்குப் பின் அதனை ஆராய்ந்த நீதிபதி என். ராஜகோபால அய்யங்கார் 1959இல் தம் அறிக்கையை அளித்தார். காப்புரிமைகளுள் பெரும்பாலானவை வெளிநாட்டாருடையனவாக இருப்பதையும், அவற்றுள் மிகுதியானவை இங்குத் தொழிலாக நடைபெறாமலே கிடப்பதையும் அவ்வறிக்கை எடுத்துக்காட்டியது. அதனை அடிப்படையாகக் கொண்ட 1970ஆம் ஆண்டுச் சட்டம் 1972 ஏப்ரல் 20 முதல் நடைமுறைக்கு வந்தது. உணவு, மருந்து, இரசாயனப் பொருள் ஆகியவற்றில் பொருளுக்கு உரிமை இல்லை, செய்முறைக்கு மட்டுமே உரிமை என்று அச்சட்டம் விதித்தது. ஒரே மருந்தை வேறு முறையால் செய்ய இதனால் இயன்றது. இந்திய மருந்துத் தொழில் தழைக்க இது துணை நின்றது.

1995இல் உலக வாணிக அமைப்பின் அறிவுடைமை ஒப்பந்தம் நடைமுறைக்கு வந்தது. அதற்கு இணங்க 1999, 2002, 2005 ஆகிய ஆண்டுகளில் சட்டம் திருத்தப்பட்டது. உரிமைக் காலம் ஒரே சீராக 20 ஆண்டுகளாயிற்று. 2005 ஜனவரி 1 முதல் மருந்துப் பொருளுக்கும் காப்புரிமை அளிக்கப்படலாயிற்று.

எனினும் பொதுநலம் கருதிய இரு காவல்கள் சட்டத்தில் வைக்கப்பட்டன. தெரிந்த மருந்தின் புதிய வடிவம் நோய் தீர்க்கும் ஆற்றலில் மேம்பட்டதாக இல்லாவிடில் அது புதுப்புனைவாகாது என்கின்றது 3ஆம் பிரிவின் (டி) உட்பிரிவு. இரத்தப் புற்றுநோய்க்குரிய இமாட்டினிப் என்னும் மருந்தின் ஒரு படிக வடிவத்திற்கு நோவார்ட்டிஸ் நிறுவனம் கோரிய உரிமையை, இவ்விதியின்படி உச்ச நீதிமன்றம் 2013 ஏப்ரல் 1 அன்று மறுத்தது.

மற்றொரு காவல் கட்டாய உரிமம். உரிமை பெற்ற பொருள் மக்களுக்குப் போதிய அளவிலும் நியாயமான விலையிலும் கிடைக்காவிடில், மூன்று ஆண்டுகளுக்குப் பின் பிறரும் அதனைச் செய்ய அனுமதி கோரலாம். சோராஃபெனிப் என்னும் புற்றுநோய் மருந்தின் ஒரு மாத அளவு ஏறத்தாழ 2,80,000 ரூபாய்க்கு விற்கப்பட்டு வந்தது. 2012 மார்ச்சில் நாட்கோ நிறுவனத்திற்கு அளிக்கப்பட்ட கட்டாய உரிமத்தின்படி அது 8,880 ரூபாய்க்குக் கிடைக்க வழி பிறந்தது.

மஞ்சளும் வேம்பும் தந்த பாடம்

காயத்தை ஆற்ற மஞ்சளைப் பயன்படுத்தும் முறைக்கு, அமெரிக்காவில் மிஸிஸிப்பி பல்கலைக்கழக மருத்துவ நிலையத்திற்கு 1995இல் காப்புரிமை வழங்கப்பட்டது. நம் நாட்டில் சமையலறைதோறும் தெரிந்த செய்தி இது. ஆயினும், ‘எங்கள் பாட்டியார் அறிவார்’ என்று சொல்லி அங்கே வழக்காட இயலவில்லை. பிற நாடுகளில் வாய்மொழியாகவும் வழக்கமாகவும் இருந்த அறிவை அக்காலத்து அமெரிக்கச் சட்டம் முன்னறிவாக ஏற்கவில்லை. அச்சில் வந்திருக்க வேண்டும் என்றது. விஞ்ஞான, தொழில் ஆராய்ச்சிக் கவுன்சில் பழைய நூல்களிலும் பத்திரிகைகளிலும் சான்றுகளைத் தேடித் திரட்டி அளித்தது. இந்திய மருத்துவச் சங்கப் பத்திரிகையில் 1953இல் வெளிவந்த கட்டுரையொன்றும் அவற்றுள் அடங்கும். அதன்மேல் 1997இல் அவ்வுரிமை மறுக்கப்பட்டது. இங்ஙனமே, வேப்பெண்ணெயால் பயிர்களின் பூஞ்சை நோயைக் கட்டுப்படுத்தும் முறைக்கு ஐரோப்பிய அலுவலகம் 1994இல் அளித்த உரிமை 2000இல் நீக்கப்பட்டது. மேல்முறையீடும் 2005இல் தள்ளப்பட்டது.

ஒவ்வொரு வழக்கையும் இவ்வாறு நடத்துவது பெருஞ்செலவும் காலமும் பிடிக்கும் காரியம். ஆகவே 2001இல் மரபறிவு மின்நூலகம் தொடங்கப்பட்டது. ஆயுர்வேத, யுனானி நூல்களோடு, தமிழிலுள்ள சித்த மருத்துவ நூல்களின் செய்திகளும் அதில் ஆங்கிலம், பிரெஞ்சு, ஜெர்மன், ஸ்பானிஷ், ஜப்பானியம் ஆகிய ஐந்து மொழிகளில் பெயர்த்து வைக்கப்பட்டுள்ளன. பிற நாட்டு ஆய்வாளர் விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும்போதே அதனைப் பார்த்து, பழையதைப் பழையதென்று அறிந்துகொள்ளலாம். ஏட்டில் ஏறாது வாய்மொழியாக மட்டும் வழங்கும் அறிவையோ, களத்தில் உள்ளவர்களே எழுத வேண்டியிருக்கின்றது.

உயிரினப் பொருள்களைச் சார்ந்த புதுப்புனைவுகளுக்குத் தனி நிபந்தனையும் உண்டு. அப்பொருள் எவ்விடத்தினின்று பெறப்பட்டது என்பதை விண்ணப்பத்தில் கூற வேண்டும். சென்னையில் தலைமையிடம் கொண்டுள்ள தேசிய உயிரிப் பன்மை ஆணையத்தின் விதிகளையும் நிறைவேற்ற வேண்டும். உலக அறிவுடைமை அமைப்பின் உறுப்பு நாடுகள் 2024 மே 24 அன்று ஜெனிவாவில் ஏற்ற உடன்படிக்கையும், மரபுவளத்தையும் மரபறிவையும் சார்ந்த விண்ணப்பங்களில் அவற்றின் மூலத்தை வெளியிட வேண்டும் என்கின்றது.

2021க்குப் பின் வந்த மாறுதல்கள்

1. கல்வி நிலையங்களுக்குரிய கட்டணம் 2021 செப்டம்பரில் 80 விழுக்காடு குறைக்கப்பட்டது. இதனால் 8,000 ரூபாயாக இருந்த மின்வழி விண்ணப்பக் கட்டணம் 1,600 ரூபாயாகவும், 20,000 ரூபாயாக இருந்த பரிசீலனைக் கட்டணம் 4,000 ரூபாயாகவும் ஆயின. தனி மனிதருக்கும் இதே விகிதமே. பக்கங்களும் கோரிக்கைகளும் குறிப்பிட்ட எண்ணிக்கையைக் கடந்தால் கூடுதல் கட்டணம் உண்டு.

2. அறிவுடைமை மேல்முறையீட்டு வாரியம் 2021இல் கலைக்கப்பட்டது. மேல்முறையீடுகள் உயர் நீதிமன்றங்களுக்குச் செல்கின்றன.

3. 2024 மார்ச் 15இல் நடைமுறைக்கு வந்த திருத்த விதிகளின்படி, அந்நாள் முதல் அளிக்கப்படும் விண்ணப்பங்களுக்குப் பரிசீலனை கோரும் காலவரை 48 மாதங்களிலிருந்து 31 மாதங்களாகக் குறைக்கப்பட்டது. பரிசீலனை தானாகத் தொடங்குவதில்லை. தனியே கோர வேண்டும். கோராவிடில் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கொள்ளப்படும்.

4. உரிமை பெற்ற பொருள் நாட்டில் எவ்வளவு நடைமுறையில் உள்ளது என்பதைக் கூறும் 27ஆம் படிவத்தை முன்பு ஆண்டுதோறும் அளிக்க வேண்டியிருந்தது. 2024 விதிகளின்படி மூன்று நிதியாண்டுகளுக்கு ஒருமுறை அளித்தால் போதும்.

5. உரிமை நிறுவனத்தின் பெயரில் இருப்பினும், புனைந்தவர் தம் பெயருக்குச் சான்றிதழ் கோரிப் பெறலாம். மாணவர்க்கும் ஆராய்ச்சி உதவியாளர்க்கும் இது நன்மை தருவது.

6. உரிமை வழங்குமுன் எவரும் ஆட்சேபம் தெரிவிக்கலாம் என்னும் விதி நீடிக்கின்றது. ஆனால் அதற்குக் கட்டணம் உண்டு. ஆட்சேபத்திற்கு முகாந்தரம் உள்ளதா என்பதும் முதலில் ஆராயப்படும்.

முன்னரே வெளியிட்டவர்க்கு வழியுண்டா?

சில சூழ்நிலைகளில் உண்டு. மத்திய அரசாங்கம் அரசிதழில் அறிவித்த பொருட்காட்சியில் காட்டியிருந்தாலும், கற்றறிந்தோர் சங்கத்தில் புனைந்தவரே கட்டுரையாகப் படித்திருந்தாலும், 12 மாதங்களுக்குள் விண்ணப்பித்தால் புதுமை கெட்டதாகக் கொள்ளப்படுவதில்லை. இச்சலுகையைக் கோருவதற்கென 31ஆம் படிவம் 2024இல் ஏற்படுத்தப்பட்டது. பொதுவிடத்தில் இயக்கிப் பார்த்தாலன்றிச் சோதிக்க இயலாத கருவியை நியாயமான சோதனைக்காக மட்டும் இயக்கியிருந்தால், அதற்கும் ஓராண்டுப் பாதுகாப்பு உண்டு. ஆனால் சாதாரண ஊர்ப் பொருட்காட்சியும், செய்தித்தாளும், இணையத்தில் ஏற்றிய படமும் இச்சலுகையில் அடங்கா. பிற நாடுகள் பலவற்றில் இச்சலுகைகள் செல்லுபடியாகா. ஆதலின் இதனை விபத்துக்கால மருந்தாகக் கருத வேண்டுமேயன்றி, அன்றாட உணவாகக் கொள்ளலாகாது.

களத்திலும் வகுப்பிலும் செய்யத்தக்கவை

புதிய கருவியையோ முறையையோ கண்டால், முதலில் தேதியிட்ட நாட்குறிப்பில் வரைபடத்துடன் எழுதிவைக்கச் செய்க. யார் எப்பகுதியைச் செய்தார் என்பதையும் குறிப்பிடுக. பின்னர், காப்புரிமை அலுவலகத்தின் இணையதளத்தில் அது போன்றது முன்னரே உள்ளதா எனத் தேடுக; தேடுதற்குக் கட்டணம் இல்லை.

வேலை முழுமை பெறவில்லையாயின், தற்காலிக விவரக் குறிப்புடன் விண்ணப்பிக்கலாம். அந்நாளே முன்னுரிமை நாளாகும். முழு விவரக் குறிப்பை 12 மாதங்களுக்குள் அளித்தல் வேண்டும். தவறினால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகும். காட்சிக்கு வைப்பதும் செய்தி கொடுப்பதும் விண்ணப்பம் அளித்த மறுநாளே நடைபெறலாம், அதனால் தீங்கில்லை. கல்கத்தா, டில்லி, பம்பாய், சென்னை என முன்பு வழங்கிய நான்கு நகரங்களிலும் காப்புரிமை அலுவலகங்கள் உள்ளன. தென் மாநிலங்களுக்குரியது சென்னையில் உள்ளது. படிப்பறிவு குறைந்த சிற்றூர்ப் புதுப்புனைவாளருக்கு, 2000இல் நிறுவப்பட்ட தேசியப் புத்தாக்க நிறுவனம் விண்ணப்பிக்கத் துணை செய்கின்றது.

எல்லாவற்றிற்கும் உரிமை கோரியே ஆக வேண்டும் என்பதில்லை. உரிமையைக் காக்க ஆண்டுக் கட்டணம் செலுத்திவர வேண்டும். பொருளை விற்க வழியில்லாதவர்க்கு அது வீண் செலவாகலாம். தம் புனைவு அனைவர்க்கும் பயன்படட்டும் என ஒருவர் விரும்பினால், தேதியுடன் தெளிவாக அச்சில் வெளியிடுதலே நல்வழி. பின்னர் வேறெவரும் அதனைத் தமதென்று கோர இயலாது. ஆனால் அம்முடிவு புனைந்தவருடையதாக இருத்தல் வேண்டும். காட்சி ஏற்பாடு செய்தவரின் அவசரத்தால் நேர்ந்ததாக இருத்தல் கூடாது.

வழிவழி வந்த அறிவைக் கேட்டறிந்தால், கூறியவரின் இசைவு பெற்று, அவர் பெயர், ஊர், நாள், பயன்படுத்தும் முறை ஆகியவற்றை எழுதுக. ஊராட்சியின் மக்கள் உயிரிப் பன்மைப் பதிவேட்டில் அது இடம்பெற ஏற்பாடு செய்க.

சட்டம் நீதிமன்றத்திலும் தலைநகரிலும் மட்டும் செயற்படுவது என்று கருதலாகாது. மஞ்சள் வழக்கில் முன்வைக்கப்பட்ட 1953ஆம் ஆண்டுக் கட்டுரையை எழுதியோர், அது 40 ஆண்டுகளுக்குப் பின் ஒரு நாட்டின் உரிமைக்குச் சான்றாகும் என்று எண்ணியிருக்கமாட்டார்கள். தாம் கண்டதை, நாளும் இடமும் தவறாது, ஒழுங்காக எழுதிவைத்தனர். களப்பணியாளரின் நாட்குறிப்பும் அத்தகைய சான்றாகலாம் என்ற நினைவுடன் அதனை எழுதிவருதல் வேண்டும்.