கப்பலேறி வந்தவர்களின் காதலை எழுத வருகிறவர்களுக்கு

அமெரிக்காவுக்குக் குடியேறிய யூதக் குடும்பங்களை வைத்துச் சரித்திரக் காதல் நாவலும் குழந்தைகளுக்கான படப் புத்தகமும் எழுதப் புறப்பட்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கு, இப்படிப்பட்ட கதைகளைப் படித்தே தலைநரைத்த ஒருவன் சொல்வது:

1. காதலர்களுக்குப் பெயர் வைப்பது இருக்கட்டும், முதலில் ஆண்டை முடிவு செய்யுங்கள். நியூயார்க்கின் குடியேற்றச் சோதனை நிலையமான எல்லிஸ் தீவு திறந்தது 1892 ஜனவரி 1இல். 1882இல் வரும் நாயகி அதற்கு முந்தைய நிலையமான காசில் கார்டனில்தான் இறங்குவாள். சுதந்திர தேவி சிலையைப் பார்த்து அவள் கண்கலங்க வழியில்லை. சிலை திறந்ததே 1886இல்தான். எல்லிஸ் தீவுக் காலத்தில் முதல், இரண்டாம் வகுப்புப் பயணிகளைப் பெரும்பாலும் கப்பலிலேயே சோதித்து அனுப்பிவிட்டார்கள். தீவில் வரிசையில் நின்றது அடித்தட்டில் வந்த கூட்டம். பணக்கார நாயகன் அந்த வரிசையில் ஏழை நாயகிமேல் மோதும் காட்சியை எழுதியிருந்தால் அடித்துவிடுங்கள்.

2. தீவின் அதிகாரி குடும்பப் பெயரை மாற்றி எழுதினார் என்று வைக்காதீர்கள். புறப்பட்ட துறைமுகத்தில் தயாரான பட்டியலோடு ஒத்துப்பார்ப்பதுதான் அவர் வேலை. பெயரை மாற்றிக்கொண்டவர்கள் பெரும்பாலும் பிற்பாடு தாங்களே மாற்றிக்கொண்டார்கள். வேலைக்காகவா, ஒருத்திக்காகவா, ஊரிலிருக்கும் அப்பாவுக்குத் தெரியுமா? இதில் ஒரு நாவலே இருக்கிறது.

3. காதலுக்குத் தடை வேண்டுமென்று வில்லனைத் தேடி அலைய வேண்டாம். 1881இல் ரஷ்யப் பேரரசின் ஜார் இரண்டாம் அலெக்சாண்டர் கொல்லப்பட்டதும் யூதர்களுக்கு எதிரான கலவரங்கள் மூண்டன. 1924இல் அமெரிக்கச் சட்டம் கதவைச் சாத்தும்வரை சுமார் 20 லட்சம் யூதர்கள் வந்து சேர்ந்தார்கள். பல வீடுகளில் கணவன் முதலில் போனான், மனைவி பிள்ளைகளோடு காத்திருந்தாள். டிக்கெட் வந்து அவள் இறங்கும்போது, எதிரே தாடி மழித்த ஒருவன் நிற்கிறான். எழுத்தாளர் ஆபிரகாம் கஹான் 1896இலேயே ‘யெக்ல்’ குறுநாவலில் இதைத் தொட்டுவிட்டார். டிக்கெட்டே வராத பெண்களும் உண்டு. யூதச் சட்டப்படி, கணவன் விடுதலைப் பத்திரம் தராமல், அல்லது அவன் இறந்தது உறுதியாகாமல், அவள் மறுமணம் செய்ய முடியாது. கஹான் ஆசிரியராக இருந்த, கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழியான இத்திஷில் வந்த நாளிதழ் ‘ஃபோர்வர்ட்ஸ்’, ஓடிப்போன கணவர்களின் புகைப்படங்களை வரிசையாகப் போட்டது. அப்படிப்பட்ட ஒருத்தியை இன்னொருவன் விரும்பினால் என்ன ஆகும்? மூன்று தலைமுறைப் பகையெல்லாம் இதற்கு முன்னால் நிற்காது.

4. தனிமைக் காட்சி வைக்கும்முன் வீட்டைப் பாருங்கள். நியூயார்க்கின் ஆர்ச்சர்டு தெரு 97ஆம் எண் கட்டடம் இன்று அருங்காட்சியகம். அதில் ஒவ்வொரு வீட்டுக்கும் சின்னச் சின்ன மூன்று அறைகள். அதற்குள் ஒரு குடும்பம். இப்படிப்பட்ட வீடுகளில் வாடகைக்கு உதவியாக வெளியாள் ஒருவரும் தங்குவார். அந்த வெளியாளையும் வீட்டுப் பெண்ணையும் கவனியுங்கள். பேச இடமில்லாததுதான் அவர்கள் காதலின் சுவை.

5. வெள்ளிக்கிழமை இரவு யூதர்களின் ஓய்வுநாளைச் சேர்ந்தது; அப்போது பக்தியுள்ள நாயகன் தீக்குச்சி உரசவோ கடிதம் எழுதவோ மாட்டான்.

6. படப் புத்தகம் வழக்கமாக 32 பக்கம். ஒரு பொருளைப் பிடித்துக்கொண்டால் போதும். ஆனால் ஒரு போர்வையை வைத்துச் சொன்ன பட்ரீஷியா பொலாக்கோவின் ‘தி கீப்பிங் குவில்ட்’ 1988இலேயே வந்துவிட்டது. தயவுசெய்து இன்னொரு போர்வை வேண்டாம். தேநீருக்கு வெந்நீர் வைக்கும் சமோவார் இருக்கிறது, தையல் இயந்திரம் இருக்கிறது. படம் வரைபவரிடம் ஒன்று சொல்லிவையுங்கள்: இத்திஷ் வலமிருந்து இடமாக எழுதப்படுவதால், அப்பா கையிலுள்ள இத்திஷ் நாளிதழ் வலப்பக்கத்திலிருந்து திறக்கும்.

7. துயரத்தைப் பிள்ளைகளிடம் மறைக்க வேண்டாம்; எங்கே தொடங்குவது என்று மட்டும் யோசியுங்கள். 1911 மார்ச் 25இல் நியூயார்க்கின் டிரையாங்கிள் ஆடைத் தொழிற்சாலைத் தீயில் 146 பேர் இறந்தார்கள், ஒரு கதவு பூட்டியிருந்தது. நான் 1909 நவம்பரில் தொடங்குவேன்: ஆடைத் தொழிலாளி கிளாரா லெம்லிச் மேடையேறி இத்திஷில் வேலைநிறுத்தம் கோருகிறாள். ஏழு வயதுப் பிள்ளைக்கு அது போதும், தீ பின்குறிப்பில் வரட்டும். பெரியவர்களுக்கான நாவலென்றால், டிரையாங்கிள் முதலாளிகள் இருவரும் அதே ரஷ்யப் பேரரசிலிருந்து கப்பலேறி வந்த யூதர்கள் என்பதையும், தீ விபத்து வழக்கில் அவர்கள் விடுதலையானதையும் விட்டுவிடாதீர்கள்.