ஒரு பாட்டுக்காரரும் நூறு பாட்டுக்காரரும்

கேள்வி: சில பறவைகள் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடுகின்றன, சில விதவிதமாகப் பாடுகின்றன. ஏன்?

பதில்: பாடும் பறவைகள் வளர்ந்த பறவைகளைக் கேட்டுத்தான் பாடக் கற்கின்றன. (நம் குயில் இதில் சேராது, அதன் கூவல் பிறவியிலேயே வருவது.) எவ்வளவு கற்கும் என்பது இனத்துக்கு இனம் மாறும். ஆண் ஸீப்ரா ஃபின்ச்சுக்கு ஆயுள் முழுக்க ஒரே பாட்டு. அமெரிக்காவின் பிரவுன் த்ராஷருக்கு ஆயிரத்துக்கும் மேல்!

அங்கேயே நாணல் புதரில் வாழும் மார்ஷ் ரென் இன்னும் சுவாரஸ்யம். கிழக்குப் பகுதி ஆணுக்குச் சுமார் 50 பாட்டு; மேற்கே 100-க்கும் மேல். 1980களில் டொனால்ட் க்ரூட்ஸ்மா குழுவினர் இரு பகுதிக் குஞ்சுகளையும் ஆய்வகத்தில் வளர்த்து, ஒரே ஒலிநாடாக்களைப் போட்டுக் காட்டினார்கள். அப்போதும் மேற்கத்தியக் குஞ்சுகளே அதிகம் கற்றன. பாட்டுக்கான மூளைப் பகுதியும் அவற்றுக்குப் பெரிது. மேற்கே ஆண்கள் நெருக்கமாக வாழ்ந்து, பக்கத்து வீட்டுக்காரர் பாடிய பாட்டையே பாடிப் போட்டி போடுவதைக் காரணமாகச் சொல்கிறார்கள்.

இத்தனை விதப் பாட்டும் பெண் பறவையைக் கவரத்தான் என்று பொதுவாகச் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். பல இனங்களில் அதற்குச் சான்று வலுவாக இல்லை. நம் ஊரிலேயே கேட்டுப் பார்க்க, கோடைத் தொடக்கத்தில் விடியற்காலை எழுந்து குண்டுக்கரிச்சான் பறவையைக் கேளுங்கள். எத்தனை வகைப் பாட்டு என்று எண்ணி எழுதுங்கள்.