சூரிச் எஸ்-பான்: ஒரு புகையிரத வலையமைப்பு வளர்ந்த வரலாறு



தமிழ்ப் பாடசாலைக்கு வரும் உங்களுட் பலர் எஸ்-பான் எனப்படும் புறநகர்ப் புகையிரதத்திலேயே வருகின்றீர்கள். அது மூன்று நிமிடம் பிந்தினாலும் முகஞ் சுளிக்கின்றீர்கள். அப்புகையிரதம் எவ்வாறு உருவாயிற்று என்பதே இவ்வாண்டு மலருக்கான எனது பாடம்.

முதலில் ஒரு சிறு நிகழ்ச்சி. 2005-ஆம் ஆண்டளவில் யாழ்ப்பாணக் குடாநாட்டுப் பாடசாலை ஒன்றில் நான் கணிதம் கற்பித்துக்கொண்டிருந்தேன். எதிரெதிரே வரும் இரு புகையிரதங்கள் எங்கே சந்திக்கும் என்ற கணக்கைக் கரும்பலகையில் எழுதினேன். ஒரு மாணவன் எழுந்து, "சேர், ரெண்டும் ஒரே தண்டவாளத்திலை வந்தால் இடிபடாதோ?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. அவன்மீது குற்றமில்லை. யாழ்ப்பாணத்துக்கான புகையிரதச் சேவை 1990 யூன் மாதத்தில் போரினால் நின்றுபோயிற்று; தண்டவாளங்களும் பெயர்க்கப்பட்டன. அவ்வகுப்பிலிருந்த பெரும்பாலானோர் புகையிரதத்தைக் கண்ணாற் கண்டதில்லை. "கணக்கிலே இடிபடாது, இரு" என்று கூறி அவனை அமரச் செய்தேன். அது தகுந்த விடையன்று. உரிய விடையை இந்நாட்டுக்கு வந்த பின்னரே அறிந்தேன்.

தொடக்கம்

1847 ஓகஸ்டில் சூரிச் நகருக்கும் பாடன் நகருக்கும் இடையே புகையிரதம் ஓடத் தொடங்கியது. முழுவதும் சுவிற்சர்லாந்து மண்ணிலேயே அமைந்த முதற் பாதை இதுவே. பாடனிற் செய்யப்பட்ட ஒருவகைப் பலகாரத்தின் பெயரையே மக்கள் அப்புகையிரதத்துக்குச் செல்லப்பெயராகச் சூட்டினர். சூரிச் பிரதான நிலையத்தின் இன்றைய பெருங்கட்டடம் 1871-இல் திறக்கப்பட்டது.

அந்நிலையம் முட்டுச்சந்து போன்றது. மேற்கிலிருந்து உள்ளே வந்த வண்டி நேரே அப்பாற் செல்ல இயலாது. வந்த வழியே திரும்ப வேண்டும். ஒரே வாயிலால் உட்செல்வோரும் வெளியேறுவோரும் நெருங்கினால் என்ன நிகழுமோ அதுவே அங்கு நிகழ்ந்தது. நகருக்கு வெளியே குடியிருந்து நகருக்குள் வேலைசெய்வோர் தொகை பெருகப் பெருக, அவ்வாயிலின் நெரிசலும் பெருகியது.

பதினைந்து நிமிடக் கணக்கு

சூரிச் ஏரியின் வலக்கரை வழியாக றப்பர்ஸ்வில் நகருக்குச் செல்லும் பாதை பெரும்பாலும் ஒற்றைத் தண்டவாளமாகவே இருந்தது. அதில் 1968-ஆம் ஆண்டு முதல் அரைமணிக்கு ஒரு வண்டி விடப்பட்டது. ஒற்றைப் பாதையில் இரு திசையிலும் இஃது எவ்வாறு இயலும்?

எண்ணிப் பாருங்கள். நீங்கள் ஒரு வண்டியில் இருக்கின்றீர்கள். எதிரே வரும் வண்டிகள் முப்பது நிமிட இடைவெளியிற் புறப்படுகின்றன. நீங்களும் அவற்றை நோக்கிச் செல்வதால், பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு வண்டியைச் சந்திப்பீர்கள். நேர அட்டவணை மாறாதிருந்தால், சந்திக்கும் இடங்களும் நாள் முழுவதும் மாறமாட்டா. ஆகவே அவ்விடங்களில் மட்டும் இரட்டைத் தண்டவாளம் அமைத்தாற் போதும்! அவ்வாறே ஆங்காங்கே இரட்டைப் பாதை அமைத்தனர். முதலில் நேர அட்டவணை. பின்னரே அதற்கேற்ற தண்டவாளம். என் மாணவனின் கேள்விக்கு விடை இதுவே.

1982-இல் நாடு முழுவதற்கும் ஒழுங்கான மணிநேர அட்டவணை நடைமுறைக்கு வந்தது.

மக்கள் தீர்ப்பு

சூரிச் நகருக்குச் சுரங்கப் புகையிரதமும் எஸ்-பானும் சேர்ந்த ஒரு பெருந்திட்டம் 1973-இல் வாக்கெடுப்புக்கு விடப்பட்டது. மக்கள் அதனை நிராகரித்தனர். நகரம் அளவுக்கு மீறி வளர்ந்துவிடும் என்ற அச்சம் பலருக்கு இருந்தது. பொறியியலாளர் பின்வாங்கி, சுரங்க நகர்வண்டியைக் கைவிட்டு, இருக்கும் பாதைகளை இணைக்கும் எளிய திட்டமொன்றை வகுத்தனர். 1981 நவம்பரில் அதற்கு 50 கோடி பிராங்குக்கும் மேற்பட்ட நிதியை மாநில மக்கள் வாக்களித்து ஒதுக்கினர்.

நிலத்தின் கீழ்

முட்டுச்சந்தைத் திறப்பதே திட்டத்தின் உயிர்நாடி. பிரதான நிலையத்தின் அடியில் நான்கு தண்டவாளங்களுடன் புதிய நிலையம் தோண்டப்பட்டது. அங்கிருந்து லிம்மாத் ஆற்றின் கீழாக ஸ்ரடெல்கோபன் வரை ஏறத்தாழ 2 கிலோமீற்றர் நீளமான சுரங்கமும், அதற்கப்பால் சூரிச்பேர்க் மலையை ஊடறுத்து ஏறத்தாழ 5 கிலோமீற்றர் நீளமான சுரங்கமும் அமைந்தன. ஸ்ரடெல்கோபன் நிலையத்தைப் புதிதாக வடிவமைத்தவர் ஸ்பானியக் கட்டடக் கலைஞர் சான்ரியாகோ கலத்ராவா.

1990 மே 27-இல் எஸ்-பான் தொடங்கியது. அதே நாளில் சூரிச் போக்குவரத்துக் கூட்டிணைப்பும் தொடங்கியது. அதன் பயனாக, புகையிரதம், ட்ராம், பேருந்து, ஏரிக் கப்பல் ஆகிய அனைத்துக்கும் வலயக் கணக்கில் ஒரே பயணச்சீட்டுப் போதுமாயிற்று. பின்னர் பயணிகள் மேலும் பெருகவே, 2014 யூனில் ஓர்லிக்கோன் நோக்கிய இரண்டாவது சுரங்க வழியும் பிரதான நிலையத்தின் கீழ் மற்றொரு நிலையமும் திறக்கப்பட்டன.

மாணவர்களே, ஆண்டுகளைக் கவனியுங்கள். இங்கே 1990 மே மாதத்தில் ஒரு வலையமைப்புத் திறக்கப்பட்டது. அடுத்த மாதமே அங்கே யாழ்ப்பாணத்துக்கான பாதை மூடுண்டது. இங்கே இரண்டாவது சுரங்கம் திறந்த அதே 2014-இல், ஒக்ரோபர் மாதத்தில், யாழ்ப்பாண நிலையத்துக்குப் புகையிரதம் மீண்டும் வந்தது. இடைப்பட்ட இருபத்து நான்கு ஆண்டுகளும் என் மாணவர்களின் இளமைக் காலம். அடுத்தமுறை மேடையிற் காத்து நிற்கும்போது அவர்களையும் ஒருகணம் நினையுங்கள்.

பயிற்சி

1. ஒற்றைப் பாதையில் இரு திசையிலும் 20 நிமிடத்துக்கு ஒரு வண்டி ஓடினால், ஒரு வண்டி எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை எதிர்வண்டியைச் சந்திக்கும்? படம் வரைந்து விளக்குக.

2. 1973-இல் மறுத்த மக்கள் 1981-இல் ஏற்றமைக்குக் காரணம் யாதாகலாம்? ஐந்து வாக்கியங்களில் எழுதுக.

3. உங்கள் தாய், தந்தை, பேரன், பேர்த்தி ஆகியோரில் ஒருவர் ஊரில் இறுதியாகப் புகையிரதம் ஏறியது எப்போது, எந்த நிலையத்தில் என்று கேட்டு, அவர் கூறியவாறே எழுதி வருக.