மனசுக்கு இதமான வீடியோ கேம் எது?

கடையை அடைத்து, கணக்குப் பார்த்துவிட்டு வீட்டுக்கு வருகிறீர்கள். அல்லது அடுப்படியைத் துடைத்துவிட்டு ‘அப்பாடா’ என்று உட்காருகிறீர்கள். ஏரல் ஆனாலும் சென்னை ஆனாலும் இந்த நேரத்தில் கை தானாகப் போனைத் தேடுகிறது. ‘பத்து நிமிஷம் கேம் ஆடினால் ரிலாக்ஸ் ஆகும்!’

ஆகிறதா? சில கேம் ஆடினால் மனசு லேசாகிறது. சிலது ஆடினால் படபடப்புதான் மிச்சம், தூக்கமும் போச்சு! ஏன் இந்த வித்தியாசம்?

பல்லாங்குழி ரகசியம்

உங்கள் பாட்டி ஆடிய பல்லாங்குழியை நினைத்துப் பாருங்கள். 14 குழி, கொஞ்சம் சோழி அல்லது புளியங்கொட்டை. யாரும் நேரம் பார்ப்பதில்லை. பேச்சும் நடக்கும், ஆட்டமும் நடக்கும். அடுப்பில் பால் பொங்கினால் எழுந்து போகலாம். திரும்பி வந்தால் ஆட்டம் அப்படியே இருக்கும். தோற்றாலும் நஷ்டமில்லை.

‘கோஸி கேம்’ என்று சொல்லப்படும் இதமான வீடியோ கேம்களும் இதே குணம் கொண்டவைதான்.

* அவசரப்படுத்தாது: எதிரி துரத்தினால், நேரம் குறைந்துகொண்டே வந்தால், அது வெறும் விளையாட்டு என்று உடம்புக்குத் தெரியாது. அட்ரினலின் சுரக்கும், இதயம் வேகமாகத் துடிக்கும். இதமான கேமில் இந்த விரட்டல் குறைவு.
* தப்பு செய்தால் தண்டிக்காது: மறுபடி செய்து பார்க்கலாம்.
* சின்னச் சின்ன வேலை தரும்: செடிக்குத் தண்ணீர், வீட்டில் அலங்காரம்... முடித்ததும் ஒரு திருப்தி.

இட்லித் தட்டும் கேம்தான்!

நல்ல உதாரணம், 2023-ல் வெளிவந்த ‘வெண்பா’. கனடாவின் டொரோண்டோ நகரைச் சேர்ந்த விசை கேம்ஸ் உருவாக்கியது. 1980-களில் அங்கே குடியேறிய ஒரு தமிழ்த் தாயின் கதை. அம்மா கொடுத்த சமையல் குறிப்புப் புத்தகம் கிழிந்து, எழுத்து அழிந்து கிடக்கிறது. விட்டுப்போனதை நாம் யோசித்துச் சமைக்க வேண்டும். ஆவி நன்றாகச் சுற்றிவர இட்லித் தட்டுகளை எப்படி அடுக்குவது என்பதே ஒரு புதிர்! மகன் தமிழை விட்டு விலகும்போது நம் மனசும் கனக்கிறது. ஆனாலும் பழகிய கைவேலை நம்மைத் தேற்றுகிறது. ஆகவே, இதம் என்றால் சோகமே கூடாது என்பதில்லை, விரட்டல்தான் கூடாது. 2024-ல் பாஃப்டாவின் சிறந்த அறிமுக கேம் விருது இதற்குக் கிடைத்தது.

இதமும் இழுக்கும்... ஜாக்கிரதை!

‘ஸ்டார்டியூ வேலி’ (2016) அமைதியான விவசாய கேம். அதில் ஒரு நாள் என்பது நமக்குச் சுமார் கால் மணி நேரம். அந்த நாளை முடித்துப் படுத்தால்தான் செய்த வேலை பதிவாகும். ‘இன்னும் ஒரே ஒரு நாள்’ என்று ஆடி நடுராத்திரி ஆகிவிடும்! ‘அனிமல் கிராஸிங்’ (2020) கேமில் நம் கடிகாரப்படியே பொழுது போகும். ராத்திரி பத்து மணிக்குக் கடையை அடைத்துவிடுவார்கள். ‘போய்ப் படுங்கள்’ என்று சொல்லாமல் சொல்கிறது.

இந்த ‘அனிமல் கிராஸிங்’ உட்பட இரண்டு கேம்களை ஆடிய 3,000-க்கும் மேற்பட்டவர்களை ஆக்ஸ்ஃபோர்டு ஆய்வாளர்கள் ஆராய்ந்தார்கள். 2021-ல் வெளியான முடிவு: அதிக நேரம் ஆடியவர்களின் மனநலம் சற்றே நன்றாக இருந்தது. அதற்குக் காரணம் கேம்தான் என்று அது நிரூபிக்கவில்லை. எனவே இதை மருந்தாக நினைக்க வேண்டாம்.

நீங்களே சோதியுங்கள்

* ஆடி முடித்ததும் தோள், தாடை இறுக்கமாக இருக்கிறதா, தளர்ந்திருக்கிறதா?
* பிள்ளை கூப்பிட்டால் எரிச்சல் வருகிறதா?
* ‘தினமும் வராவிட்டால் பரிசு போய்விடும்’ என்று கேம் மிரட்டுகிறதா? பணம் கேட்கிறதா? அது இதம் அல்ல, வியாபாரம்!

நிறுத்த முடியாமல், படிப்பு, வேலை, சாப்பாடு எல்லாம் பின்னுக்குப் போய், கெடுதல் தெரிந்தும் மாதக்கணக்கில் ஆட்டம் தொடர்ந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். ‘கேமிங் குறைபாடு’ என்ற பெயரில் உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் இது உள்ளது. அந்தப் பட்டியல் 2022 முதல் நடைமுறையில் இருக்கிறது.

‘போதும்’ என்று நினைத்த நொடியில் உங்களை எழுந்து போக விடுகிறதா? அந்த கேமை வைத்துக்கொள்ளுங்கள். விடவில்லையா? இன்றைக்கே போனிலிருந்து எடுத்துவிடுங்கள்!