கயலுக்கு அத்தை எழுதுவது

அன்புள்ள கயல்,

டெக்சாஸில் விவசாய ஆசிரியராக மறுபடி நாலு வருஷம் படிக்கணுமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம். கோயம்புத்தூரில் வாங்கிய பி.எஸ்ஸி. அக்ரி போதும், இங்கத்திய பட்டத்துக்கு அது சமம் என்று மதிப்பீட்டு நிறுவனத்தில் எழுதி வாங்கு. மாற்று வழியில் ஆசிரியர் சான்றிதழ் தரும் பயிற்சியில் சேர்ந்து பாடத் தேர்வில் தேறிவிட்டால், ‘இன்டர்ன்’ சான்றிதழோடு சம்பளத்துக்கே வகுப்பெடுக்கலாம். கற்பித்தல் தேர்வை அந்த வருஷத்துக்குள் முடித்துக்கொள்.

மண்ணும் பயிரும் உனக்குத் தண்ணீர் பட்ட பாடு. என் கவலை வேறு. இங்கே விவசாயப் பாடம் வகுப்பறையோடு நிற்காது. 1917-இன் ஸ்மித்-ஹியூஸ் தொழிற்கல்விச் சட்டமே மாணவர் வருஷத்தில் ஆறு மாதமாவது பண்ணையில் செய்து பழக வேண்டும் என்றது. இன்றும் பல பிள்ளைகளுக்கு ஒரு கன்றோ, பன்றியோ, காய்கறிப் பாத்தியோ இருக்கும். நீ வீடுவீடாகப் போய்ப் பார்க்க வேண்டும். 1928-இல் தொடங்கிய எஃப்.எஃப்.ஏ. என்ற விவசாய மாணவர் சங்கத்தின் போட்டிகளுக்கும், மார்ச்சில் ஹூஸ்டன் கால்நடைக் கண்காட்சிக்கும் பிள்ளைகளைக் கூட்டிப்போவதும் நீதான். கோடை விடுமுறையையும் பெரிதாக நம்பாதே.

விவசாயப் பாடத்தில் பட்டறை வேலையும் உண்டு. நாலு வருஷம் விவசாய ஆசிரியர் வேலைக்கென்றே படித்தவர்கள் கல்லூரியிலேயே வெல்டிங் பழகி வருகிறார்கள். மாற்று வழியில் வருகிறவளுக்கு அதைச் சொல்லித்தர யாருமில்லை. பதினாறு வயசுப் பையன்கள் இருபது பேர் கையில் வெல்டிங் டார்ச்சோடு நிற்கும்போது புத்தகம் உதவாது. ஆகவே பள்ளியைத் தேர்ந்தெடுப்பதில்தான் கெட்டிக்காரத்தனம் வேண்டும். விவசாயப் பிரிவில் ஏற்கெனவே இரண்டு பேராவது இருக்கிற பள்ளியாகப் பார். ஒற்றை ஆசிரியர் இடம் என்றால், சம்பளம் கூடுதலாகவே கொடுத்தாலும் முதல் வருஷம் வேண்டாம். இதற்கு முன் இருந்தவர் ஏன் போனார், கால்நடைகளை ஏற்றிச்செல்லும் டிரெய்லரை யார் ஓட்டுவார்கள் என்று நேர்காணலிலேயே கேட்டுவிடு. இதற்கெல்லாம் கூச்சப்படாதே.

பயிற்சி நிறுவனங்கள் எல்லாம் விளம்பரத்தில் ஒன்றுபோலத்தான் இருக்கும். உன் வகுப்பைப் பார்வையிட வருகிறவர் விவசாயம் கற்பித்தவரா என்று மட்டும் விசாரி. வேலைக்கு முன் பிறர் வகுப்புகளைச் பல மணிநேரம் பார்க்கச் சொல்வார்கள். அதைப் பள்ளிப் பட்டறையிலும் மாட்டுக் கொட்டகையிலும் கழி.

உங்கள் ஊர்ச் சமுதாயக் கல்லூரியில் மாலை வெல்டிங் வகுப்பு இருந்தால் இப்போதே சேர்ந்துவிடு. கண்காட்சிக் காலத்தில் சனிக்கிழமைச் சமையல் மாப்பிள்ளையுடையது என்று இன்றே சொல்லி வை.

அன்புடன்,
அத்தை