சிறு கருவிகள் சொல்வதும் சொல்லாததும்

நோயறியும் கருவிகள் மருத்துவமனைக்குள் மட்டுமே இருந்த காலம் மாறிவிட்டது. 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் களப்பணியாளர்கள் இரத்த அழுத்தமானியையும் குளுக்கோமீட்டரையும் வீட்டு வாசலுக்கே கொண்டுவருகின்றனர். வெள்ளிமலைப் பகுதியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாக இறங்கிக் கள்ளக்குறிச்சியை அடைய வேண்டிய கல்வராயன்மலை மக்களுக்கு இது பெருந்துணை. ஆயினும் ஒவ்வொரு கருவியும் ஒரேயொரு கேள்விக்குத்தான் விடை சொல்லும். நோயாளியும் உடனிருப்போரும் இதை அறிந்திருத்தல் வேண்டும்.

இரத்த அழுத்தமானி

மேடேறி வந்தவுடன் அளந்தால் எண் கூடுதலாக வரும். 5 நிமிடம் அமைதியாக அமர்ந்து, கையை இதய மட்டத்தில் தாங்கி வைத்து, பேசாமல் அளக்க வேண்டும். வீட்டில் பல நாள்கள் அளந்தும் 135/85-க்குக் குறையாதிருந்தால் மருத்துவரைக் காண்க. ஒரு நாள் அளவை வைத்து மாத்திரையைக் கூட்டவோ நிறுத்தவோ கூடாது.

குளுக்கோமீட்டர்

பலாச்சுளை எடுத்த விரலில் ஒட்டிய இனிப்பும் கணக்கில் சேரும். ஆகவே கையைச் சோப்பால் கழுவி உலர்த்திய பின்னரே ஊசியால் குத்துக. காலாவதியான பட்டைகளும் ஈரம்பட்ட பட்டைகளும் தவறான எண்ணைத் தரும். சர்க்கரை 70-க்குக் கீழ் இருந்து, நோயாளி நினைவோடு இருந்தால், 3 தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுத்து 15 நிமிடத்தில் மீண்டும் அளக்கவும். நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றலாகாது.

ஆக்சிமீட்டர்

1974-இல் ஜப்பானியப் பொறியாளர் டகுவோ அயோயாகி முன்வைத்த முறை இது. சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் விரலினூடே செலுத்தி, இரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் கணிக்கிறது. குளிரில் விறைத்த விரலும் நகப்பூச்சும் கணிப்பைக் கெடுக்கும். கருநிறத் தோலில் உண்மையைவிடச் சற்றுக் கூடுதலாகவும் காட்டக்கூடும். 94-க்குக் கீழிறங்கினால் மருத்துவ ஆலோசனை தேவை. 90-க்குக் கீழென்றால் அது அவசரநிலை. நாள்பட்ட நுரையீரல் நோயாளிகள் தமக்குரிய அளவை மருத்துவரிடம் முன்னரே கேட்டுக் குறித்துக்கொள்க.

எண் நன்றாக இருந்தாலும்

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் சுற்றுப்புறத்திலும் மெத்தனால் கலந்த சாராயம் 60-க்கும் மேற்பட்டோரின் உயிரைப் பறித்தது. இந்த நஞ்சு உடலில் ஃபார்மிக் அமிலமாக மாறி, உயிரணுக்கள் ஆக்சிஜனைப் பயன்படுத்துவதைத் தடுக்கிறது. நீர் பாய்ந்தும் வேர் உறிஞ்சாவிட்டால் பயிர் வாடுவதைப் போன்றது இது. இரத்தத்தில் ஆக்சிஜன் இருப்பதால் கருவி தொடக்கத்தில் 98 என்றே காட்டலாம். அறிகுறிகள் தோன்ற 12 முதல் 24 மணி நேரம் ஆகலாம். பார்வை மங்கல், வயிற்று வலி, வாந்தி, வேகமான மூச்சு ஆகியவற்றுள் ஒன்று தென்பட்டாலும், சாராயம் குடித்ததை மறைக்காமல் சொல்லி உடனே மருத்துவமனைக்கு வர வேண்டும். பார்வையையும் உயிரையும் காப்பது அந்த விரைவே.

கருவி காட்டும் எண்ணோடு, தேதி, நேரம், நோயாளியின் நிலை ஆகியவற்றையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வருக. எண் நலமென்று காட்டியும் நோயாளி நலமாக இல்லையெனில், நோயாளியின் நிலையையே நம்பி 108-ஐ அழையுங்கள்.