லைட் எரியும்வரை காத்திருக்கலாமா?

கேள்வி: 2011 மாடல் டீசல் இன்னோவா ஒன்றை போன மாதம் செகண்ட் ஹேண்டில் வாங்கினேன். மீட்டரில் 92,000 கி.மீ. காட்டுகிறது. டைமிங் பெல்ட் எப்போது மாற்றப்பட்டது என்று விற்றவருக்கே தெரியவில்லை. மெக்கானிக் உடனே மாற்றச் சொல்கிறார். டேஷ்போர்டில் ‘டி-பெல்ட்’ லைட் எரிந்த பிறகு மாற்றினால் போதும் என்கிறார் மைத்துனர். அடுத்த மாதம் குடும்பத்தோடு கொடைக்கானல் போகிறோம். யார் சொல்வதைக் கேட்பது?
- வாசகர், தென்காசி

பதில்: மெக்கானிக் சொல்வதைக் கேளுங்கள். மலையேறும் முன்பே மாற்றிவிடுங்கள்.

அந்த லைட்டுக்கு பெல்ட்டின் நிலைமை தெரியாது. வண்டி ஓடிய தூரத்தை மட்டும் கணக்கில் வைத்து, குறித்த கிலோமீட்டர் வந்ததும் எரியும். பெல்ட்டை மாற்றாமலே அதை ரீசெட் செய்துவிடவும் முடியும். மீட்டரையே திருத்தி விற்பவர்களும் இருக்கிறார்கள். ஆகவே பில்லோ சர்வீஸ் ரெக்கார்டோ கையில் இல்லையென்றால், பெல்ட் மாற்றப்படவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

கிலோமீட்டர் குறைவு என்பதாலும் நிம்மதி அடைய முடியாது. பெல்ட் ரப்பரால் ஆனது. வண்டி நின்றாலும் ஓடினாலும் வருஷத்துக்கு வருஷம் இறுகிக்கொண்டே போகும். கவரைக் கழற்றிப் பார்த்து விரிசல் தெரிந்தால் மாற்றியே ஆக வேண்டும். தெரியாவிட்டால் பெல்ட் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. உள்ளே இருக்கும் இழைகள் நைந்திருப்பது கண்ணுக்குத் தெரியாது.

கிராங்க்ஷாஃப்ட் இரண்டு சுற்று சுற்றினால் கேம்ஷாஃப்ட் ஒரு சுற்று சுற்ற வேண்டும். இந்தக் கணக்கு பிசகாமல் காப்பது பெல்ட்தான். ஓடும்போது அது அறுந்தால் கேம்ஷாஃப்ட் நின்றுவிடும். மேலே ஏறும் பிஸ்டன், திறந்து நிற்கும் வால்வில் மோதும். டீசல் இன்ஜினில் இடைவெளி மிகக் குறைவு என்பதால் வால்வு வளையும், ஹெட்டை இறக்க வேண்டிவரும். பெல்ட் மாற்றும் செலவு அதன் பக்கத்திலேயே வராது. மலைப்பாதையில் இன்ஜின் நின்றால் ஸ்டீயரிங் கனத்துவிடும், சில மிதிகளுக்குப் பிறகு பிரேக்கும் இறுகிவிடும். செலவைவிட எனக்கு அதுதான் கவலை.

மாற்றும்போது டென்ஷனர், ஐட்லர் பேரிங் இரண்டையும் சேர்த்தே மாற்றுங்கள். ஆயில் சீல் கசிகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். ஆயில் பட்டால் புது பெல்ட்டும் சீக்கிரம் கெட்டுவிடும். பெல்ட்டைப் போட்டதும் ஸ்டார்ட் செய்யாமல், ஸ்பேனர் வைத்து இன்ஜினைக் கையால் இரண்டு சுற்று சுற்றி, டைமிங் மார்க் சேர்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு லைட்டை ரீசெட் செய்து, தேதியையும் கிலோமீட்டரையும் எழுதி கவரில் ஒட்டிவிடுங்கள்.

பழைய சான்ட்ரோ, மாருதி 800 வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும். எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை என்பது மாடலுக்கு மாடல் மாறும், கையேட்டைப் பாருங்கள். வருடக் கணக்கும் கொடுத்திருந்தால், இரண்டில் எது முதலில் வருகிறதோ அப்போது மாற்றுங்கள்.

ஓடும்போது இன்ஜின் சட்டென்று நின்று, பெல்ட் அறுந்திருக்குமோ என்று சந்தேகம் வந்தால் மறுபடி செல்ஃப் அடிக்காதீர்கள். கட்டி இழுத்தே ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோங்கள்.